சாவி கொடுத்த நாளும் பத்திரம் பதிந்த நாளும்



ஒரு கடை கைமாறும்போது இரண்டு நாட்கள் உண்டு என்பது நம் அனைவருக்கும் தெரியும். பழையவர் சாவியைக் கொடுத்து, புதியவர் கல்லாவில் உட்காரும் நாள் ஒன்று. பத்திரம் எழுதிப் பதிவாகும் நாள் மற்றொன்று. இரண்டும் அடுத்தடுத்து முடிந்துவிட்டால் நல்லது. நடுவில் இடைவெளி விழுந்தால், அந்தக் காலத்தில் வரும் பாக்கிக்கும் வரிக்கும் வழக்குக்கும் யார் பொறுப்பு என்ற தகராறு தொடங்கிவிடும்.

புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த கதையும் இதுதான். சாவி கொடுத்தது 1954 நவம்பர் 1. பத்திரம் பதிந்தது 1962 ஆகஸ்ட் 16. இடையில் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள். அதனால்தான் அங்கே நவம்பர் 1ஐ விடுதலை நாள் என்றும், ஆகஸ்ட் 16ஐச் சட்டப்பூர்வ பரிமாற்ற நாள் என்றும் தனித்தனியே கொண்டாடுகிறார்கள். எல்லோருக்கும் பொதுவான ஆகஸ்ட் 15 அது தவிர.

இது அரசியல் பத்திரிகைக்கு உரிய விஷயமாயிற்றே, பருப்பு விலையும் வரிக் கெடு தேதியும் போட வேண்டிய நமது இதழில் எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் ஒரு மண்ணை ஒப்படைக்கும்போது கொடி இறங்குவதையும் ஏறுவதையும்தான் படம் பிடிக்கிறார்கள். மறுநாள் காலையில் கடை திறக்கிறவன் எந்தச் சட்டப்படி பில் போடுவான், எந்த அதிகாரியிடம் உரிமம் புதுப்பிப்பான், நேற்று வரை கடன் வாங்கியவனிடம் எந்தக் கோர்ட்டில் வசூலிப்பான் என்பதை யாரும் படம் பிடிப்பதில்லை. கைமாற்றம் ஒழுங்காக நடந்ததா என்பதற்கு உண்மையான சோதனை அங்கேதான் இருக்கிறது.

விராலிமலைக்காரர்களுக்கு இது முற்றிலும் புதிய செய்தியும் அல்ல. நமது ஊர் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகிறவன் இடையில் தொண்டைமான் சீமைக்குள் புகுந்துதான் வெளியேற வேண்டும். நமது பாட்டனார் காலத்துக் கல்லாப் பெட்டிகளில் அம்மன் காசு கிடந்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்று பொறித்த சிறு செப்புக்காசு. இன்றும் சில வீடுகளில் பழைய தகர டப்பாவைக் கவிழ்த்தால் ஒன்றிரண்டு விழும். 1948 மார்ச் 3ஆம் தேதி ராஜகோபாலத் தொண்டைமான் சமஸ்தானத்தை ஒப்படைத்தார். அது சென்னை மாகாணத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு சேர்ந்தது. பிறகு 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. மன்னர் குடும்பத்தின் அரண்மனையில்தான் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நடக்கிறது. ஒரு துப்பாக்கி வெடிக்காமல் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஓர் அரசிலிருந்து இன்னோர் அரசுக்கு மாறினார்கள்.

சமஸ்தானம் அயல்நாட்டுக் காலனி அல்ல, இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பது உண்மை. அங்கே மன்னர் ஒருவர் முடிவு செய்தால் போதும். பிரெஞ்சிந்தியா அப்படி இல்லை. மக்கள் தொகை சுமார் மூன்று லட்சம்தான், நம் சமஸ்தானத்தைவிடக் குறைவு. ஆனால் உரிமைப் பத்திரம் பாரிசில் இருந்தது. புதுச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம், வங்காளத்தில் சந்திரநாகூர் என்று ஐந்து துண்டுகள். அந்தத் துண்டுகளும் முழுத் துண்டுகள் அல்ல. புதுச்சேரியைச் சுற்றி ஒரு கிராமம் பிரெஞ்சு, அடுத்த கிராமம் தென்னாற்காடு, அதற்கடுத்தது மறுபடியும் பிரெஞ்சு என்று மண் சிதறிக் கிடந்தது. இன்றைக்கும் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் போகிறவர்கள், தமிழ்நாடு எங்கே முடிந்தது, புதுச்சேரி எங்கே தொடங்கியது என்பதைச் சாராயக் கடைப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

முன்பெல்லாம் இந்த ஊர்கள் கைமாறிய விதத்தையும் சொல்ல வேண்டும். 1693இல் டச்சுக்காரர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். உடன்படிக்கை போட்டுத் திரும்பப் பெறுவதற்கு 1699 ஆயிற்று. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தபோது கோட்டையையும் நகரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது இடிபாடுதான். 1778இலும் 1793இலும் மறுபடியும் ஆங்கிலேயர் கைக்குப் போய், கடைசியில் 1816இல் பிரெஞ்சு வசம் நிலைத்தது. ஒவ்வொரு முறையும் யுத்தம் செய்தவர்கள் ஐரோப்பாவில் உட்கார்ந்து கணக்கு நேர் செய்துகொண்டார்கள். கிடங்கு எரிந்தவன் கணக்கை யாரும் நேர் செய்யவில்லை.

இதற்குச் சாட்சி நம் இனத்தைச் சேர்ந்த ஒருவரே. இனம் என்று நான் சொல்வது வணிக இனம். துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை ஒரு பெரிய வியாபாரி. 1736 முதல் தமிழில் நாட்குறிப்பு எழுதி வந்தார். கவர்னர் துய்ப்ளேக்சின் அரசியலைத் தெரிந்துகொள்ள வரலாற்று ஆசிரியர்கள் அதைப் புரட்டுகிறார்கள். நாம் புரட்டினால் கப்பல் வரவும், துணி வியாபாரமும், கொடுக்கல் வாங்கலும் கண்ணில் படும். முற்றுகையில் நகரம் வாடிக்கொண்டிருந்தபோது, அது வீழ்வதற்குச் சில நாட்கள் முன்பு, 1761 ஜனவரியில் அவர் காலமானார். தான் வாழ்நாள் முழுவதும் வியாபாரம் செய்த ஊர் இடிக்கப்பட்டதை அவர் காணவில்லை.

யுத்தம் இல்லாமல் கைமாறிய ஊரும் அந்தக் காலத்திலேயே ஒன்று உண்டு. தரங்கம்பாடி. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர் கோட்டை கட்டினார்கள். வியாபாரம் படுத்துவிட்டது. 1845இல் வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனியிடம் விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். நஷ்டத்தில் ஓடும் கிளையை மூடுவது போலத்தான். ஊர் மக்களை ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. சமாதானமான கைமாற்றம் என்று சொன்னால் இதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இதை நியாயமான கைமாற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடிபடாமல் விற்கப்படுவதும் விற்கப்படுவதுதான்.

இனி 1947க்கு வருவோம். இந்தியா விடுதலை பெற்றதும் பிரெஞ்சிந்திய மக்களிடமும் அதே எதிர்பார்ப்பு எழுந்தது. 1948 ஜூனில் இரு அரசுகளும், மக்கள் வாக்கெடுப்பின்படி முடிவு செய்வது என்று ஒப்புக்கொண்டன. சந்திரநாகூரில் 1949 ஜூன் 19 அன்று வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவோடு சேர 7,463 பேர், எதிராக 114 பேர். அடுத்த ஆண்டே நிர்வாகம் கைமாறியது. 1952இல் சட்டமும் முடிந்தது. மற்ற நான்கு ஊர்களில் வாக்கெடுப்பை யார் நடத்துவது, எப்படி நடத்துவது என்ற தகராறிலேயே ஆண்டுகள் ஓடின.

இந்த இடத்தில்தான் வணிகன் கதைக்குள் வருகிறான். விடுதலைப் போராட்ட நூல்கள் இதைப் பற்றி இரண்டு வரிதான் எழுதும். நாம் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1941இல் ஆங்கில அரசும் பிரெஞ்சு நிர்வாகமும் சுங்க ஒப்பந்தம் ஒன்று செய்திருந்தன. அதன்படி இரு பகுதிக்கும் இடையே சுங்கச் சுவர் இல்லை. சரக்கு தாராளமாகப் போய் வந்தது. 1949இல் இந்தியா அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. ஒரே நாளில் புதுச்சேரியைச் சுற்றி எல்லைக் காவலும் சோதனைச் சாவடியும் முளைத்தன. முன்பே சொன்னபடி மண் சிதறிக் கிடந்த இடம். வீடு ஒரு நாட்டில், நிலம் ஒரு நாட்டில், சந்தை ஒரு நாட்டில். தென்னாற்காட்டு நிலக்கடலைதான் (அங்கே மல்லாட்டை என்பார்கள்) புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்சேய் நகர எண்ணெய் ஆலைகளுக்கு ஒரு காலத்தில் கப்பல் கப்பலாகப் போயிற்று. அரிசி, கடலை, துணி எல்லாமே சுற்று வட்டாரத்தை நம்பிய வியாபாரம். அதன் கழுத்தில் சுருக்கு விழுந்தது.

சுவர் எழுந்தால் சுவரேறிக் குதிப்பவனும் எழுவான். வரியில்லாத் துறைமுகமாக இருந்த புதுச்சேரிக்கு அயல்நாட்டுச் சரக்கு வந்து இறங்கி, இரவோடு இரவாக எல்லை தாண்டியது. தங்கமும் வைரமும் கைக்கடிகாரமும் போன வழி அது. சிலர் திடீர்ப் பணக்காரர் ஆனார்கள். நேர்மையாக மளிகைக்கடை நடத்தியவன் மூட்டைக்கு மூட்டை சோதனைக்கு நின்றான். 1954இல் கட்டுப்பாடுகள் இன்னும் இறுகின. போக வர அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது.

இதை நான் எழுதுவது அந்த இணைப்பைக் குறை சொல்வதற்கு அல்ல. இணைப்பு நடக்க வேண்டியதுதான், நடந்தது நல்லதுதான். வ. சுப்பையா போன்றவர்கள் சிறையும் தடையும் கண்டு அதற்காகப் பாடுபட்டார்கள். ஆனால் பழுத்த பழம் தானாகவே மடியில் விழுந்தது போல நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோமே, அது முழு உண்மை அல்ல. கத்தியின்றி ரத்தமின்றி என்று பெருமைப்படும்போது, கத்தி செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கைச் சுங்கச் சாவடி செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஐந்து வருஷத்து நெருக்கடியைத் தாங்கியவர்களில் கடைக்காரனும் கூலிக்காரனும் உண்டு. அவர்களுக்குத் தியாகிப் பட்டயம் எதுவும் கிடைக்கவில்லை.

1954 மார்ச்சில், அதுவரை பிரெஞ்சு ஆட்சிக்குத் துணை நின்ற எதுவார் குபேர் இணைப்பின் பக்கம் திரும்பினார். நெட்டப்பாக்கம் பகுதியில் கொடி ஏறியது. ஜூனில் ஏனாமும் ஜூலையில் மாஹியும் பிரெஞ்சுக்காரர் கையை விட்டுப் போயின. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத் துணி காயப்போடத் தெரிந்தவர் குபேர் என்று சொல்பவர்கள் உண்டு. 1963இல் முதலமைச்சரும் ஆனார். புதுச்சேரியின் பெரிய மார்க்கெட்டுக்கு இன்று அவர் பெயர்தான், குபேர் அங்காடி. சாவடிச் சோதனையில் நொந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கேதான் காய்கறியும் மீனும் விற்கிறார்கள்.

பாரிசில் அப்போது மெந்தேஸ் பிரான்ஸ் பிரதமர். இந்தோ சீனாவில் பெரும் போரில் தோற்று, 1954 ஜூலையில் ஜெனீவாவில் சமாதானம் செய்துகொண்டவர்கள் பிரெஞ்சுக்காரர். இந்தியாவில் நான்கு சிறு ஊர்களுக்காக இன்னொரு சண்டை வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூர் என்ற கிராமத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளும் நகரசபை உறுப்பினர்களுமாக 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இணைப்புக்கு 170, எதிராக 8. மூன்று நாளில் டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக் கொடி இறங்கியது. இந்தியாவின் சார்பில் கேவல் சிங் பொறுப்பேற்றார். சுங்கச் சாவடிகள் எடுக்கப்பட்டன.

மூன்று லட்சம் பேரின் தலைவிதியை 178 பேர் முடிவு செய்ததைக் குறை சொல்வோர் இருக்கிறார்கள். சந்திரநாகூர் போல ஊர் முழுவதும் வாக்களித்திருந்தால் இன்னும் சிறப்பாக இருந்திருக்கும் என்பதே என் கருத்தும். ஆனாலும் ஒன்று. எதிர்த்து எட்டுப் பேர் வாக்களித்தார்கள். அந்த எட்டையும் எண்ணி எழுதி வைத்தார்கள். தரங்கம்பாடியில் அந்த மரியாதைகூட இல்லை. ஏழு வருஷம் கழித்து, 1961 டிசம்பரில் கோவாவுக்குப் படை அனுப்ப வேண்டி வந்தது. போர்ச்சுகல் பேசவே மறுத்ததால் வந்த வினை அது.

சாவி கைமாறிவிட்டது. பத்திரம்? 1956 மே 28 அன்று நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஒஸ்த்ரோரோக்கும் ஒப்படைப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அது செல்லுபடியாகப் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். அங்கே அல்ஜீரியப் போர் மூண்டிருந்தது. ஓர் ஊரை விட்டுக் கொடுத்தோம் என்று ஒப்புக்கொண்டால் இன்னோர் ஊரைப் பற்றிக் கேள்வி வரும் என்ற தயக்கம். 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்ற பிறகுதான் புதுச்சேரிக் காகிதம் நகர்ந்தது.

இந்த எட்டு ஆண்டும் புதுச்சேரி யாருடையது? ஆண்டது இந்தியா. சட்டப்படி பிரான்ஸ். நடைமுறையில் இது எப்படிக் கடித்தது என்பதற்கு ஒரு வழக்கே போதும். புதுச்சேரி - காரைக்கால் பஸ் வழித்தட உரிமம் பற்றிய தகராறு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. நீதிமன்றம் மத்திய அரசிடம், புதுச்சேரி இந்தியாவின் பகுதியா என்று கேட்டது. இல்லை என்று அரசே பதில் சொன்னது! அயல்நாட்டு எல்லைக்குள் ஆட்சி செய்வதற்கென்று இருக்கும் சட்டத்தின்கீழ்தான் அதை நிர்வகித்து வந்தார்கள். ஆகவே வழக்குத் தொடுத்தவருக்கு அங்கே நிவாரணம் கிடைக்கவில்லை. பஸ் ஓடுவது இந்திய அதிகாரியின் உத்தரவில். அந்த உத்தரவு தவறென்றால் முறையிட இந்திய நீதிமன்றம் இல்லை. பஸ் முதலாளியின் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தால் புரியும்.

பத்திரம் பதிந்த பிறகும் சில்லறைச் சிக்கல்கள் தீரவில்லை. அதில் ஒன்று நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. புதுச்சேரிச் சட்டசபை 1965இல் விற்பனை வரிச் சட்டம் இயற்றியது. சொந்தமாக எழுத நேரமில்லை போலும். 1959ஆம் ஆண்டு சென்னை விற்பனை வரிச் சட்டம், எங்கள் சட்டம் அமலுக்கு வரும் நாளில் எப்படி இருக்கிறதோ அப்படியே இங்கும் பொருந்தும் என்று எழுதிவிட்டார்கள். 1966 ஏப்ரல் 1 அன்று அமலுக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் சென்னை தன் சட்டத்தைத் திருத்திவிட்டது. புதுச்சேரி உறுப்பினர்கள் பார்த்தே இராத திருத்தம் புதுச்சேரிக் கடைக்காரன் தலையில் விழுந்தது. ஒரு வணிகர் வழக்குப் போட்டார். 1967இல் உச்ச நீதிமன்றம், அடுத்த சட்டசபை நாளை எழுதப் போவதற்கு இன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது சட்டமியற்றுவது ஆகாது என்ற கருத்தில் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதேதான். இன்று சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் இந்தத் தீர்ப்பை வாங்கித் தந்தவர் ஒரு வியாபாரி என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமை இருக்கலாம்.

மாற்றக் காலத்தில் விதி தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாமே 2017 ஜூலை 1 அன்று அனுபவித்தோம். வாட் போய் ஜி.எஸ்.டி. வந்த நாள். ஜூன் 30 இரவு கடையில் இருந்த சரக்குக்கு ஏற்கெனவே கட்டிய வரியைப் புதுக் கணக்கில் வரவு வைக்க டிரான்-1 படிவம். இணையதளம் திறக்கவில்லை என்று படிவம் போட முடியாதவர்கள் நாடெங்கும் ஏராளம். உச்ச நீதிமன்றம் சொல்லி, 2022 கடைசியில்தான் மறுபடியும் அந்தத் தளம் திறந்தது. ஐந்து வருஷம். ஒரே நாட்டுக்குள் ஒரு வரி இன்னொரு வரியாக மாறியதற்கே இந்தப் பாடு!

உலகத்தில் இதையெல்லாம் முன்யோசனையோடு செய்தது ஹாங்காங் என்று சொல்வார்கள். 1984இல் பிரிட்டனும் சீனாவும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. ஒப்படைப்பு 1997 ஜூலை 1. தயாரிப்புக்குப் பதின்மூன்று வருஷம். ஹாங்காங் டாலர் தொடரும், துறைமுகம் வரியில்லாமல் இருக்கும், சுங்கம் தனி, வாழ்க்கை முறை 50 ஆண்டுகள் மாறாது என்று எழுத்தில் கொடுத்தார்கள். மறுநாள் கடைகள் வழக்கம் போல் திறந்தன. ஆனால் தலைமுறைகளாக அங்கே கடை வைத்திருந்த இந்திய வம்சாவளியினர் சீனக் குடிமக்களும் ஆகவில்லை, முழு பிரிட்டிஷ் குடிமக்களும் ஆகவில்லை. ஒப்படைப்பு ஆண்டான 1997இல்தான், அவர்களுக்காக லண்டன் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 50 ஆண்டு வாக்குறுதியும் பாதி ஓடுவதற்குள், 2020இல் பெய்ஜிங் தேசப் பாதுகாப்புச் சட்டத்தை நேரடியாகப் புகுத்தியது. கையெழுத்திட்ட பிரிட்டன் ஆட்சேபம் தெரிவித்தது. அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆகவே எழுதிக் கொடுப்பது வேறு, எழுதியதைக் காப்பாற்றுவது வேறு. புதுச்சேரி விஷயத்தில் இந்தியா எழுதிக் கொடுத்தது என்ன? பிரெஞ்சு நிர்வாகத்தின் உரிமைகளோடு கடமைகளையும் ஏற்பது. அங்கே தொழில் நடத்தி வந்த பிரெஞ்சுக் குடிமக்களைப் புதிதாகப் பட்டமோ பர்மிட்டோ கேட்டு அலைக்கழிக்காமல் தொடர விடுவது. பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்து வைத்துக்கொள்ள அனுமதிப்பது. அப்படி வைத்துக்கொண்டவர்களின் குடும்பங்களும் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களும் இன்றும் புதுச்சேரியில், காரைக்காலில் இருக்கிறார்கள். பாரிசிலிருந்து வரும் ஓய்வூதியம் உள்ளூர் மளிகைக் கடையில்தான் செலவாகிறது. இவற்றையெல்லாம் பெருமளவுக்கு இந்தியா காப்பாற்றியது என்றே சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம் உடன்படிக்கையின் 2ஆவது பிரிவு. அந்த ஊர்களுக்கு 1954 நவம்பருக்கு முன் இருந்த தனி நிர்வாக நிலை தொடரும். அதில் அரசியலமைப்பு வகையில் மாற்றம் செய்வதென்றால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்யப்படும் என்கிறது அது. 1979 ஜனவரியில் பிரதமர் மொரார்ஜி தேசாய், புதுச்சேரியைப் பக்கத்து மாநிலங்களோடு இணைத்துவிடலாம் என்ற பொருள்படப் பேசினார். ஊர் கொந்தளித்தது. கடைகள் அடைபட்டன, துப்பாக்கிச் சூடு வரை போயிற்று. அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

இப்போது நம் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். விற்பனை வரிக் காலத்தில் தமிழக வணிகர்களுக்குப் புதுச்சேரி மீது தீராத கோபம். அங்கே வரி குறைவு, அதனால் பில் அங்கே, சரக்கு இங்கே என்று சிலர் நடத்திய வியாபாரத்தில் ஒழுங்காக வரி கட்டியவன் அடிபட்டான். சின்னத் துண்டு ஊருக்கு எதற்குத் தனிச் சட்டசபை, தனி வரி, பேசாமல் தமிழ்நாட்டோடு சேர்த்துவிட்டால் என்ன என்று நம் கூட்டங்களிலேயே பேச்சு எழுந்தது உண்டு. ஜி.எஸ்.டி. வந்தபின் அந்த வேறுபாடு பெரும்பாலான பொருட்களில் போய்விட்டது. பெட்ரோலும் மதுவும் மட்டும் மிச்சம். பேச்சு மட்டும் இன்னும் அங்கங்கே கேட்கிறது.

எதிர்ப்பக்கம் புதுச்சேரிக்காரர்கள் தனி மாநில அந்தஸ்து கேட்கிறார்கள். சட்டசபையில் பல முறை தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்பியாகிவிட்டது. தேர்ந்தெடுத்த முதலமைச்சர் ஒரு பக்கம், நியமித்த துணைநிலை ஆளுநர் ஒரு பக்கம் என்று கோப்பு இழுபடுவதைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறோம். மாநிலம் ஆனால் மானியம் குறையும், கடன் சுமை என்னாகும் என்று அங்குள்ள வணிகர்களிலேயே கவலைப்படுபவர்கள் உண்டு. அவர்கள் ஊர், அவர்கள் கணக்கு. அவர்களே போட்டுப் பார்க்கட்டும்.

என் கருத்து இதுதான். இணைப்பா, மாநிலமா, இப்படியே இருப்பதா என்பதில் விராலிமலைக்காரனான எனக்கு வாக்கு இல்லை, இருக்கவும் கூடாது. கீழூரில் 178 பேரைக் கேட்டது போலவாவது, அதைவிட நல்ல முறையில் ஊர் முழுவதையும் கேட்டு, அங்குள்ளவர்கள் முடிவு செய்ய வேண்டும். 1956இல் டெல்லியில் போட்ட கையெழுத்துக்கு அர்த்தம் அதுதான். பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பதற்காக அந்தக் கையெழுத்தை அழிக்கச் சொல்லி நமது சங்கம் மனுப் போடக்கூடாது. போடுவதென்று தீர்மானித்து என்னிடம் கொண்டுவந்தால் நான் கையெழுத்திட மாட்டேன்.

கொள்முதலுக்குப் புதுச்சேரி போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடற்கரையும் கடைத்தெருவும் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறோம். நகரத்திலிருந்து கீழூர் அதிக தூரம் இல்லை. வாக்கெடுப்பு நடந்த இடத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்று அங்கே கொடியேற்றி மரியாதை செய்கிறார்கள். மற்ற நாட்களில் அமைதியான கிராமம்தான். லோடு ஏற்றிய வண்டியோடு போனாலும் அரை மணி நேரம் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வரலாம்.